சுல்தானின் மெட்டில் அவள் சொன்ன கதை

முதலில் பேசுவது சுல்தான். டிராம்போன், ட்யூபா, செல்லோ, டபுள் பேஸ் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே மெட்டை உரத்து அழுத்துகின்றன. பதில் எதிர்பார்க்காத குரல். அது அடங்கியதும் மரக்குழல்கள் மெல்ல நாலைந்து சுரக்கூட்டுகளை வைக்கின்றன. ஓர் அறையின் கதவை யாரோ சத்தமில்லாமல் சாத்துவதுபோல் இருக்கும். அப்புறம் ஒற்றை வயலின் நுழைகிறது. துணைக்கு ஹார்ப் மட்டும்.

ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் ஆயிரத்தோரு இரவுகள் கதைகளை வைத்து 1888-இல் எழுதிய 'ஷெஹரஸாத்' இப்படித்தான் தொடங்குகிறது. அந்த ஒற்றை வயலின்தான் கதை சொல்லும் ஷெஹரஸாத். "வலிமையான பெண்கள்" என்று தலைப்பு வைத்து ஒரு ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரி அமைக்க உட்காருகிறவர் யாராக இருந்தாலும் பெரும்பாலும் முதலில் கை வைப்பது இந்தப் படைப்பில்தான். காரணம் எளிது. எல்லோருக்கும் தெரிந்த கதை, எல்லோருக்கும் பிடித்த மெட்டுகள், 45 நிமிடம் ஆர்க்கெஸ்ட்ராவின் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாக ஜொலிக்க ஓர் இடம். கூடவே சமகாலப் படைப்பு ஒன்றிரண்டைச் சேர்த்தால் நிகழ்ச்சி தயார்.

இப்படிப் பழையதையும் புதியதையும் சேர்ப்பதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. தொழில்முறை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஒரு நிகழ்ச்சிக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று நான்கு ஒத்திகைகள். கை பழகிய படைப்பு ஒன்று இருந்தால் மிச்சமாகும் நேரத்தைப் புதியதற்குக் கொடுக்கலாம். டிக்கெட்டை விற்பதும் அந்தப் பழைய பெயர்தான். சரி, அதில் தவறில்லை. ஆனால் தலைப்பு "வலிமையான பெண்கள்" என்று வரும்போது ஒரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. பழைய பாதியில் வரும் பெண்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள் வரைந்த பெண்கள். அவர்களுடைய வலிமையை இசையில் எங்கே வைத்தார்கள், எந்தக் கருவியிடம் கொடுத்தார்கள், படைப்பு முடியும்போது கடைசிச் சத்தம் யாருடையது என்று கவனித்துக் கேட்டால் இந்த மாதிரிக் கச்சேரி சட்டென்று சுவாரஸ்யமாகிவிடும். அப்படிக் கேட்காவிட்டால் தலைப்பு வெறும் விளம்பர வாசகம்.

ஷெஹரஸாத்திடமிருந்தே ஆரம்பிக்கலாம். கதையில் பலர் மறந்துபோகும் ஒரு விஷயம், அவள் மாட்டிக்கொண்டவள் இல்லை, தானாகப் போனவள். ஒவ்வோர் இரவும் ஒரு பெண்ணை மணந்து மறுநாள் கொல்லும் அரசனிடம், அமைச்சரான தன் தந்தை தடுத்தும் கேளாமல், நானே போகிறேன் என்று கிளம்புகிறாள். தங்கையையும் வரவழைத்துக்கொண்டு, "அக்கா, ஒரு கதை சொல்" என்று அவளைக் கேட்கவைக்கிறாள். விடிவதற்குள் கதை முடியாது, மீதியைக் கேட்கும் ஆசையில் அரசன் தண்டனையைத் தள்ளிப்போடுவான். எல்லாம் திட்டமிட்ட வேலை. ரிம்ஸ்கி-கோர்சகோவ் தன் படைப்புக்கு எழுதிய சிறு முன்னுரையில் இந்தத் துணிச்சல் இல்லை. சுல்தானின் சபதம், அவள் சொன்ன கதைகள், தள்ளிப்போன தண்டனை, இவ்வளவுதான்.

ஆனால் இசைக்குள் அவர் வேறொன்று செய்திருக்கிறார். முதல் பகுதி கடலையும் சிந்துபாதின் கப்பலையும் பற்றியது. வயலின் தன் முன்னுரையைச் சொல்லி முடித்ததும் அலை எழுகிறது. செல்லோக்கள் ஏறி இறங்கி உருள, மேலே ஒரு பெரிய மெட்டு விரிகிறது. கேட்கும்போது அழகான கடல். கொஞ்சம் கூர்ந்து கேட்டால் அது எங்கேயோ கேட்ட மெட்டாக இருக்கும். ஆமாம், தொடக்கத்தில் சுல்தான் கர்ஜித்த அதே மெட்டுதான். இருண்டு ஒலிக்கும் மைனர் சுரவரிசையில் இருந்தது வெளிச்சமான மேஜருக்கு வந்திருக்கிறது, அடியில் அலை சேர்ந்திருக்கிறது. மிரட்டலாக வந்ததை அவள் எடுத்துக் கடலாக்கி அவனிடமே திருப்பிக் கொடுக்கிறாள். என்னைக் கேட்டால் முழுப் படைப்பிலும் அவளுடைய வலிமை மிகத் தெளிவாகத் தெரியும் இடம் இதுதான், வயலின் வாசிக்காத இடம்.

இதையே எதிர்ப்பக்கமிருந்தும் பார்க்கலாம். அவள் சொல்லும் கதைகூட அவன் மெட்டில்தான் போக வேண்டியிருக்கிறது. அவனுக்குப் பிடித்தால்தான் நாளை உண்டு. தன் மெட்டுகளை இன்ன ஆள், இன்ன பொருள் என்று கறாராகக் கட்டிப்போடக் கூடாது என்று ரிம்ஸ்கி-கோர்சகோவே பிற்பாடு எழுதினார். பகுதிகளின் தலைப்புகளைக்கூட எடுத்துவிட்டார். ஆனாலும் அந்தத் தனி வயலின் ஷெஹரஸாத்தான் என்பதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த வயலின் எப்போதெல்லாம் வருகிறது என்று கவனியுங்கள். இரண்டாம் பகுதியை அதுவே தொடங்கிவைக்கிறது. மூன்றாவதில் காதல் மெட்டு தானாக ஆரம்பித்துவிடுகிறது; அவள் பாதியில்தான் தலைகாட்டுகிறாள், கதையின் ருசியில் சொல்பவளை மறந்துவிட்டது போல. நான்காவது பகுதி தொடங்கும்போது சுல்தான் பொறுமை இழந்துவிட்டான், மெட்டு அவசரப்படுகிறது. இப்போது வயலின் பதில் ஒற்றைத் தந்தியில் இல்லை. இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து அழுத்தி வாசிக்க வேண்டும். குரல் உயர்ந்துவிட்டது என்று எழுதியே கொடுத்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு, அது மேடையில் பார்த்தால்தான் தெரியும். இந்த வயலினை வாசிப்பது வெளியிலிருந்து அழைத்துவந்த தனிக் கலைஞர் இல்லை. ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கன்சர்ட்மாஸ்டர். தன் இடம் வரும்போது தனியாகப் பேசிவிட்டு, முடிந்ததும் கூட்டத்தோடு கலந்து வாசிக்கிறார். ஷெஹரஸாத் அரண்மனைக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது 127 வருடம் தாண்டுவோம். 2015 மார்ச்சில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா ஆலன் கில்பர்ட் தலைமையில் ஒரு புதிய படைப்பை அரங்கேற்றியது. பெயர் 'ஷெஹரஸாத்.2'. எழுதியவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ், வயலின் வாசித்தவர் லீலா ஜோசஃபோவிச். பாரிஸில் அரபு உலக நிறுவனத்தில் ஆயிரத்தோரு இரவுகள் பற்றி நடந்த ஒரு கண்காட்சியைப் பார்த்ததில் தொடங்கிய யோசனை இது. அந்தக் கதைகளில் பெண்கள்மீது எவ்வளவு சாதாரணமாகக் கொடுமை நடக்கிறது என்பது ஆடம்ஸை உறுத்தியது. தினசரிச் செய்திகளில் பார்க்கும் படங்களும் நினைவுக்கு வந்தன. கொலைகாரக் கணவனை விடாமல் மகிழ்வித்துக்கொண்டே இருந்ததால் உயிர் தப்பினாள் என்பதில் கொண்டாட என்ன இருக்கிறது என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. ரிம்ஸ்கி-கோர்சகோவைக் கேட்டுவிட்டுக் கண்கலங்கி எழுந்திருக்கும் நம்மைப் பார்த்துக் கேட்கிற மாதிரிதான் இருக்கிறது.

ஆடம்ஸின் வயலின் முதல் நாற்காலியில் இல்லை. தனிக் கலைஞராக முன்னால் வந்து நிற்கிறது. சுமார் 50 நிமிடம், நான்கு பகுதிகள், வடிவத்தில் பாதி சிம்பொனி, பாதி வயலின் கன்செர்ட்டோ, அதாவது தனி வயலினை முன்னால் நிறுத்தி ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும் வடிவம். அறிவுள்ள இளம்பெண் ஒருத்தியையும் அவளைத் துரத்தும் தீவிர மத விசுவாசிகளையும் முதல் பகுதி காட்டுகிறது. இரண்டாவது ஒரு நீண்ட காதல் காட்சி. கடைசியில் தப்பித்தல், ஓட்டம், புகலிடம். ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் சிம்பலோம் என்ற கருவியும் உண்டு. தந்திகளைச் சிறு கோல்களால் தட்டி வாசிப்பது, சந்தூரின் உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் உலோக நடுக்கம் படைப்பு முழுக்க ஒரு பதற்றத்தைத் தூவிக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் பகுதிக்குப் பெயர் 'ஷெஹரஸாத்தும் தாடிக்காரர்களும்'. விசாரணைக் காட்சி. மதவெறியர்கள் கூடி அவளை விசாரிக்கிறார்கள். விசாரணையைவிட, கோட்பாட்டைப் பற்றித் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்வதுதான் அதிகம். நடுநடுவே அவள் பக்கம் திரும்பிக் கத்துகிறார்கள். வயலின் நிதானமாகப் பதில் சொல்கிறது. ரிம்ஸ்கி-கோர்சகோவின் நான்காம் பகுதியில் மிரட்டல் ஏறியதும் அவள் குரலும் ஏறியது. இங்கே எதிர்த்தரப்பு ஏற ஏற அவள் இறங்குகிறாள். மயக்குவதற்கோ மகிழ்விப்பதற்கோ அவளிடம் எதுவும் இல்லை. தீர்ப்புக்காக அவள் காத்திருக்கவும் இல்லை, கிளம்பிவிடுகிறாள்.

இரண்டையும் ஒரே மாலையில் வைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும், வயலின் சத்தமே காதில் நிறைந்துவிடும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் முதலில் ஆடம்ஸ், இடைவேளைக்குப் பிறகு ரிம்ஸ்கி-கோர்சகோவ் என்று தலைகீழாக வைத்தால் பழைய படைப்பைக் கேட்கும் காதே மாறிவிடும். அந்த இனிமையான வயலினைக் கேட்டு மயங்கும்போதே, இவள் உயிருக்காகத்தானே இப்படி வாசிக்கிறாள் என்ற நினைப்பும் கூட வரும்.

இந்த வரிசையில் அடிக்கடி வரும் இன்னொரு பெயர் பீத்தோவனின் லியோனோர், அவருடைய 'ஃபிடேலியோ' என்ற ஓபராவின் (இசை நாடகத்தின்) நாயகி. கணவன் ஃப்ளோரெஸ்தான் அரசியல் காரணத்தால் பாதாளச் சிறையில். லியோனோர் ஆண் வேடம் போட்டு, ஃபிடேலியோ என்று பெயர் மாற்றி, அதே சிறையில் வேலைக்குச் சேர்கிறாள். இந்த ஓபராவை பீத்தோவன் 1805, 1806, 1814 என்று மூன்று முறை மேடையேற்றினார். முன்னிசையான ஓவர்ச்சரை நான்கு முறை எழுதினார். எண்களைக் கேட்டால் தலைசுற்றும்: முதலில் வாசிக்கப்பட்டது 'லியோனோர் 2', அடுத்த வருடம் '3', அதற்கும் பிறகு எழுதப்பட்டது '1'. கச்சேரிகளில் நிலைத்தது மூன்றாவது, சுமார் 14 நிமிடம்.

மூன்றாவதில் லியோனோர் எங்கே இருக்கிறாள்? தொடக்கத்தில் இசை படிப்படியாகக் கீழே இறங்குகிறது, சிறைப் படிக்கட்டில் இறங்குவதுபோல. இருட்டில் கிளாரினெட்டும் பாசூனும் ஒரு பாட்டைத் தொடுகின்றன. அது ஃப்ளோரெஸ்தான் சிறையில் பாடும் பாட்டு. அப்புறம் எல்லோரும் காத்திருக்கும் இடம், மேடைக்கு வெளியிலிருந்து ட்ரம்பெட். அது அமைச்சர் வருகிறார் என்ற அறிவிப்பு. படைப்புக்குப் பெயர் அவளுடையது; மனதில் நிற்கும் பாட்டு கணவனுடையது; விடுதலையை அறிவிக்கும் ஒலி அரசாங்கத்துடையது. (வெளியே நின்று ட்ரம்பெட் ஊதப் போனவரை, "உள்ளே கச்சேரி நடக்கிறது, இங்கே ஊதாதே" என்று காவலாளி பிடித்து நிறுத்திய கதை ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களிடம் ஊருக்கு ஊர் உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, சொல்ல நன்றாக இருக்கிறது.)

ஓபராவில் அந்த ட்ரம்பெட்டுக்குச் சற்று முன்னால் நடப்பது வேறு. சிறை அதிகாரி பிசாரோ ஃப்ளோரெஸ்தான்மேல் கத்தியை ஓங்குகிறான். லியோனோர் குறுக்கே விழுந்து, முதலில் அவன் மனைவியைக் கொல் என்று கத்துகிறாள். அதுவரை அவள் பெண் என்றே அங்கே யாருக்கும் தெரியாது. அடுத்து அவள் கையில் கைத்துப்பாக்கி. அதன் பிறகுதான் ட்ரம்பெட். அமைச்சர் வருவதற்குள் காரியத்தை அவள் முடித்துவிட்டாள். அந்தக் கணம் ஓவர்ச்சரில் தனியாகக் காதில் விழுவதில்லை. அவளைத் தேடுகிறவர்களுக்கு நான் காட்டுவது முடிவுக்கு முன்னால் வரும் ஓர் இடம்: முழு ஆர்க்கெஸ்ட்ராவும் நிற்க, இரண்டு மூன்று வயலின்கள் மட்டும் தலைதெறிக்க ஓடத் தொடங்குகின்றன, மற்ற வயலின்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஓட்டம் வெள்ளமாகிறது. "இரண்டு அல்லது மூன்று வயலின்கள்" என்று பீத்தோவன் கைப்பட எண்ணிச் சொல்லியிருக்கிறார். அவள்தான் என்று அவர் எழுதிவைக்கவில்லை, அது என் ஊகம்.

நிகழ்ச்சியில் உயர்ந்த குரலில் பாடும் ஒரு சொப்ரானோ பாடகியும் இருந்தால் ஓவர்ச்சரோடு நிறுத்தாமல் லியோனோரின் பெரிய தனிப்பாடலையும் சேர்த்துவிடலாம். மூன்று ஹார்ன்கள் அவளோடு கூடவே பாடும். கோபத்தில் தொடங்கி நம்பிக்கைக்கு வரும் பாட்டு.

ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் 'லுவோன்னோத்தர்' அதே பாடகிக்குப் பாடவருமானால் இன்னும் நல்லது. 1913-இல் இங்கிலாந்தின் க்ளௌஸ்டரில் ஐனோ அக்தே முதலில் பாடிய படைப்பு, பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஃபின்லாந்தின் 'கலேவலா' காவியத்திலிருந்து எடுத்த, உலகம் உண்டான கதை. காற்றின் மகள் ஒருத்தி கடலில் இறங்கி, எழுநூறு ஆண்டுகள் தனியாக மிதக்கிறாள். கூடு கட்ட இடம் தேடி அலையும் பறவைக்கு அலைக்கு மேல் உயர்ந்த அவள் முழங்கால் கிடைக்கிறது. முட்டைகள் உருண்டு உடைகின்றன. ஓடு வானமாகிறது, மற்றத் துண்டுகள் நிலவும் நட்சத்திரங்களும் ஆகின்றன. இதில் கணவன் இல்லை, சுல்தான் இல்லை, மீட்கவேண்டிய ஆளும் இல்லை. பழைய படைப்புகளில் பெண்ணின் வலிமை என்றாலே எதிரே ஓர் ஆண் நின்றாக வேண்டும் என்ற வழக்கத்திலிருந்து இது எப்படியோ தப்பித்துவிட்டது. தனியாகக் கிடக்கும் அந்த உயர்ந்த குரலைப் பாடுவதுதான் கொடுமை; அதனாலேயே அடிக்கடி கேட்கக் கிடைப்பதில்லை.

ஓபரா நாயகிகளில் மற்றவர்கள் பாடு தெரிந்ததே. கார்மென் கத்தியில் சாகிறாள், சலோமே கேடயங்களுக்கு அடியில். வலிமை அதிகமானால் கடைசிக் காட்சியில் கணக்கைத் தீர்த்துவிடுவார்கள். எழுதுவது பெண்ணாக இருந்தால் மாறிவிடும் என்றும் இல்லை. ஆங்கிலேய இசையமைப்பாளர் எத்தல் ஸ்மித்தின் 'தி ரெக்கர்ஸ்' ஓபரா 1906-இல் ஜெர்மனியின் லைப்ஸிக்கில் மேடையேறியது. கரையில் விளக்கை அணைத்துக் கப்பல்களைப் பாறையில் மோதவைத்துக் கொள்ளையடிக்கும் ஒரு கிராமம். அதை எதிர்த்து, கப்பல்களை எச்சரிக்கத் தீ மூட்டுகிறவர்கள் பக்கம் நிற்கிறாள் தீர்ஸா. முடிவில் அவளும் காதலனும் அலை ஏறும் குகையில் விடப்படுகிறார்கள். செத்துத்தான் போகிறாள். ஆனால் காதலுக்காக மட்டும் இல்லை, ஊரோடு ஒத்துப்போக மறுத்ததற்காகவும். இதன் ஓவர்ச்சர் தனியாகவே கச்சேரிக்கு ஏற்றது, எனக்குத் தெரிந்தவரை வேண்டிய அளவுக்கு யாரும் வைப்பதில்லை.

ஸ்மித்தே தனிக் கதை. பெண்கள் வாக்குரிமைக்குப் போராடியதற்காக 1912-இல் லண்டன் ஹாலோவே சிறையில் அடைக்கப்பட்டார். பார்க்கப் போன, ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் தாமஸ் பீச்சம் கண்டது: கீழே முற்றத்தில் கைதிப் பெண்கள் ஸ்மித் எழுதிய அணிவகுப்புப் பாட்டைப் பாடிக்கொண்டு நடக்கிறார்கள், மேலே ஜன்னலில் ஸ்மித் பல்துலக்கும் பிரஷ்ஷால் தாளம் காட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய 'டேர் வால்ட்' ஓபரா 1903-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் நடந்தது. அங்கே அடுத்து ஒரு பெண் எழுதிய ஓபரா, காயா சாரியாஹோவுடையது, மேடையேறியது 2016-இல். இடையில் 113 ஆண்டுகள்.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் நிகழ்ச்சி நிரலைப் பார்க்கும் பார்வையும் கொஞ்சம் கறாராகிவிடும். தொடக்கத்தில் ஒரு பெண் எழுதிய மூன்று நிமிடம், மீதி ஒன்றேகால் மணி நேரம் ஆண்கள் எழுதியது, மேலே "பெண்கள்" என்று தலைப்பு. இது அடிக்கடி நடக்கிறது. அந்த மூன்று நிமிடம் பெரும்பாலும் அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் டவரின் 'அசாதாரணப் பெண்ணுக்கு ஓர் ஆரவாரம்'. படைப்பின்மேல் குறையில்லை, வைக்கும் இடத்தின்மேல்தான் குறை. ஆரன் கோப்லாண்ட் 1942-இல் எழுதிய 'சாதாரண மனிதனுக்கு ஓர் ஆரவாரம்' படைப்புக்கு இது பதில். 1986-இல் எழுதும்போது டவர் அதே கருவிகளை எடுத்துக்கொண்டார்: மூன்று ட்ரம்பெட், நான்கு ஹார்ன், மூன்று டிராம்போன், ட்யூபா, தாளக் கருவிகள். கோப்லாண்ட் மெட்டை ஒரு கல்தூணாக நிறுத்துகிறார். டவர் கையில் அதே பித்தளைக் கருவிகள் நிற்க மாட்டோம் என்று ஓடுகின்றன. துணிந்து இறங்கும் பெண்களுக்கு என்று எழுதினார். ஒன்றில் தொடங்கியது வருடங்கள் போக ஆறாகிவிட்டது. ஆறில் இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்தால் என்ன, ஒரு கண்டக்டராவது யோசிக்கலாம்.

மேடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் இந்தக் கதையில் சேர்த்திதான். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் முதல் பெண்ணைச் சேர்த்தது 1982-இல், தொடங்கி சரியாக நூறு ஆண்டு கழித்து. வியன்னா ஃபில்ஹார்மோனிக் 1997 வரை பெண்களுக்கு உறுப்பினர் உரிமை தரவில்லை. முதலில் பெற்றவர் ஹார்ப் கலைஞர் அன்னா லெல்கெஸ். பல ஆண்டுகள் அவர்களோடு வாசித்த பிறகு. அங்கே கன்சர்ட்மாஸ்டர் நாற்காலிக்கு ஒரு பெண் வர 2011 ஆனது. ஷெஹரஸாத்தின் குரல் வயலினும் ஹார்ப்பும் என்று தொடக்கத்தில் பார்த்தோமே, அந்த இரண்டு நாற்காலிகளின் கதை இது.

இசையமைப்பாளர் அன்னா க்ளைன் 2018-இல் எழுதிய 'ரெஸ்ட்லெஸ் ஓஷன்ஸ்' இதை வேறு விதமாகக் கையாள்கிறது. அமெரிக்கப் பெண் கவிஞர் ஆட்ரி லார்டின் கவிதை ஒன்றிலிருந்து கிளம்பிய சிறு படைப்பு. 2019 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் மாரின் ஆல்சப் தலைமையில் முழுக்கப் பெண்களே இருந்த ஆர்க்கெஸ்ட்ரா முதலில் வாசித்தது. வாசிப்பவர்கள் கருவி வாசிப்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. வாய்விட்டுக் குரல் கொடுக்கிறார்கள், காலால் தரையை உதைக்கிறார்கள், முடிவில் எழுந்து நிற்கிறார்கள். கதாநாயகி என்று இதில் யாருமில்லை. பெரும்பாலும் தொடக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். இடைவேளைக்குச் சற்று முன் வைத்தால் எழுந்து நிற்பவர்களைப் பார்த்துவிட்டு நாமும் எழுந்து வெளியே போவோம், அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

இடைவேளை முடிந்து திரும்பினால் மறுபடி ரிம்ஸ்கி-கோர்சகோவ். கடைசிப் பகுதியின் இறுதிக்கு வருவோம். பாக்தாத் திருவிழாவின் இரைச்சல் திடீரென்று கடலாகிறது, கப்பல் பாறையில் மோதுகிறது, பெரிய காங் ஒலித்து அடங்குகிறது. அலை தணிந்த பிறகு சுல்தானின் மெட்டு மறுபடி வருகிறது. இந்த முறை டிராம்போன் இல்லை. அடித்தந்திகள் அதை முணுமுணுக்கின்றன, தூக்கம் கண்ணைச் சுற்றும் ஆளின் குரல்போல. மேலே வயலின் ஏறிக்கொண்டே போகிறது. தொடக்கத்தில் கேட்ட மரக்குழல் சுரக்கூட்டுகள், அதே கதவு சாத்தும் ஓசை, திரும்பி வருகின்றன. வயலின் தந்தியை விரலால் அழுத்தாமல் தொட்டு, மிக உயரத்தில், ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. கன்சர்ட்மாஸ்டரின் வில் நகர்வதே தெரியாது. அவன் மனம் மாறிவிட்டானா, இல்லை இன்றைக்குத் தூங்கிவிட்டானா என்று இசை சொல்லவில்லை. வில் தீரும்வரை அவள் அந்தச் சுரத்தை விடுவதாக இல்லை.